மாமனார் வரும் வண்டி

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருந்தவர் எழும்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் சண்டை போட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஆனாலும் அவரிடம் பேச எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருந்தது. காரணம், அவர் கேட்கும் விதம். நாம் சொல்வதை இடையில் வெட்டாமல், தலையைக்கூட ஆட்டாமல், கடைசி வார்த்தைவரை கேட்பார். முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்த நேரத்தில், நாம் சொன்ன உண்மையே நமக்குப் பொய்யாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

அவரும் அவர் மனைவியும் இப்போது பெருங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். தி.நகரிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போவதை நினைத்ததும் அலுப்பாகி, துணி மடிக்க உட்கார்ந்துவிடுகிறேன். அவரைப் பற்றி எதிலிருந்து எழுத ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் பிறர் சொன்ன கதைகளைக் கேட்டு ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ளாத மனிதருக்கு, மனைவி அழாமல் இருக்க வேண்டுமே என்பதற்காகத் தினமும் ஒரு கதை சொல்ல வேண்டி வந்தது.

முதலில் அவர் கேட்கும் விதத்துக்கு ஓர் உதாரணம். ஒரு கோடையில் எங்கள் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவன் வாசலில் நின்று, முந்தின நாள் சாயங்காலம் வோல்டேஜ் எகிறியதால் காயில் போய்விட்டது, தன் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்று நீளமாக விளக்கினான். இவர் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். சும்மா இருந்தார். பிறகு கேட்டார்.

"எப்ப வோல்டேஜ் ஏறிச்சு?"

"நேத்து சாயங்காலம் சார்."

"நேத்து சாயங்காலம் இந்தத் தெருவுல கரண்டே இல்லியேப்பா."

அவன் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டான். "இன்னா சார் நீ, டேசன்ல வெச்சி கேக்கற மாதிரி கேக்கற!"

"ஸ்டேஷன்லதான்பா இருந்தேன். ரயில்வே ஸ்டேஷன்ல."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவன்மீது கோபமும் இல்லை. "கதை வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன் தம்பி," என்றார் என்னிடம், மாடிப்படி ஏறும்போது. "கதை சொல்றவனைப் பாதில நிறுத்தினா அவனுக்கு அவமானமாயிடும். முழுசா சொல்லட்டும். அப்புறம் அபராத ரசீது போட்டா, அவனே வாங்கிப்பான்."

எழும்பூர் நிலையத்தில் வெளியே போகும் வாசலில்தான் அவருக்குப் பெரும்பாலும் வேலை. தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குப் பட்டணம் என்பது முதலில் அந்தச் செங்கல் கட்டடமும் வெள்ளை வளைவுகளும்தான். மீட்டர் கேஜ் காலத்தில் தெற்கு வண்டிகள் எழும்பூருக்கும், மற்றவை சென்ட்ரலுக்கும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரவெல்லாம் கரிப்புகையில் வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் முன்னால்தான் வந்து நின்றார்கள். கரி போனது, டீசல் வந்தது, பிறகு மின்சாரம் வந்தது, தண்டவாளம் அகலமானது. சொல்லும் கதைகள் மட்டும் மாறவில்லை என்பார். டிக்கெட் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. பர்ஸோடு போய்விட்டது. டிக்கெட் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவர் முன்னால் போய்விட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததால் அப்படியே ஏறிவிட்டேன். தந்தி என்ற ஒன்றே நின்றுபோன பிறகு அது வாட்ஸ்அப் ஆனது, அவ்வளவுதான்.

அந்த நிலையத்தின் ஒவ்வொரு இடத்தையும் அவர் அங்கே சொல்லப்படும் பொய்யை வைத்துத்தான் விவரிப்பார். நான் கேட்டவற்றில் நினைவிருப்பதைச் சொல்கிறேன். க்ளோக் ரூமில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டால், ஊறுகாய் ஜாடி உட்பட எல்லாமே "துணி". காத்திருப்பு அறையில் காலியாக இருக்கும் எல்லா நாற்காலியிலும் ஆள் உண்டு. "பாத்ரூம் போயிருக்காரு." விசாரணை ஜன்னலில் பொய் உள்ளே இருப்பவர் சொல்வதில்லை, வெளியே நிற்பவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. வண்டி போய்விட்டது என்று சொன்ன பிறகும் வரிசையில் மறுபடி வந்து அதையே கேட்பார்கள், வேறு பதில் வரும் என்று. அந்த நிலையத்தில் நடைமேடை ஓரம்வரை காரிலேயே வந்து இறங்கலாம். அப்படி இறங்குகிறவர்களிலும் டிக்கெட் இல்லாதவர்கள் உண்டு. "ஆனா அவங்க கதை சொல்ல மாட்டாங்க தம்பி. விசிட்டிங் கார்டு கொடுப்பாங்க."

"மொத்த ஸ்டேஷன்லயும் உண்மை பேசறது எடை பார்க்கற மிஷின் ஒண்ணுதானா சார்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அதுவும் அட்டைக்குப் பின்னாடி ஜோசியம் அடிச்சுக் கொடுத்துடுதே."

ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். கைக்குழந்தையோடு ஒரு பெண், டிக்கெட் கணவரிடம் இருக்கிறது என்றாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கணவருக்காகத் தானும் காத்திருந்தார். கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. யாரும் வரவில்லை. ரசீது போட்டார். அவள் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் நடைமேடையின் அடுத்த முனையிலிருந்து ஒருவன் கையில் இரண்டு டிக்கெட்டோடு ஓடி வந்தான்.

"அப்புறம் என்ன சார் செஞ்சீங்க?"

"எழுதின ரசீது எழுதினதுதான். ஓடிப்போய் ஆட்டோ ஸ்டாண்டுல தேடு, இப்பத்தான் போனாங்கன்னேன்," என்றார். "உண்மை, பொய்னு பார்க்கற வேலை இல்ல தம்பி அது. டிக்கெட் கையில இருக்கா, இல்லியா. உண்மைக்காரனும் பொய்க்காரனும் எனக்கு ஒண்ணுதான். இல்லாட்டி அந்த வாசல்ல ஒரு நாள் நிக்க முடியாது."

வாசலில் நின்ற அதே மனிதர்தான் வீட்டுக்கும் வந்தார். அவர் மகள் சிறு வயதில் பள்ளியிலிருந்து தாமதமாக வந்து பஸ் பழுதாகிவிட்டது என்று சொன்னால், முழுவதும் கேட்டுவிட்டு, கண்டக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்வி கேட்பாராம். "அதோட நான் க்ளோஸ்," என்றாள் மகள் என்னிடம். "எங்கப்பா என்னை அடிச்சதே இல்லண்ணே. நம்பினதும் இல்ல. பரீட்சைல நல்ல மார்க் வாங்கிட்டு வந்தாலும் பேப்பரைக் காட்டுன்னுதான் கைய நீட்டுவார்."

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரத்துக்காரர். கணவருக்கு எதில் நேர்மாறு என்றால், எல்லாவற்றிலும். வாய் ஓயாது. பால்காரர் தொடங்கிப் பக்கத்துத் தெருப் பூக்காரிவரை அவருக்குக் கதை சொல்ல ஆள் இருந்தது. "இவர்கிட்ட எதையாவது சொன்னா சாட்சி கேப்பாரு, அதான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிக்கறேன்," என்று கணவர் காதில் விழும்படியே சொல்வார். அக்காவின் அப்பா விழுப்புரத்தில் அரிசிக்கடை வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில், மதியம் பகல் வண்டியில் எழும்பூர் வந்து, மகளைப் பார்த்துவிட்டு ராத்திரி வண்டிக்குத் திரும்பிவிடுவாராம். அவரை அழைத்துவர அக்கா தனியாகவே நிலையத்துக்குப் போவார். அக்காவுக்குப் பட்டணத்தில் தானாகப் போய்வரத் தெரிந்த முதல் இடம் அது.

அக்காவின் மறதி முதலில் சமையல் உப்பில் தெரிந்தது. பிறகு மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதன் பிறகு ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவியதும், நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா வர்ற வண்டி வந்துடும். எழும்பூர் போவணும். கிளம்புங்க."

இவர் உள்ளதைச் சொன்னார். உங்கப்பா இறந்து ரொம்ப வருஷம் ஆயிடுச்சும்மா என்று.

எனக்கு அப்போது வீட்டிலிருந்தபடியே கணக்கு பார்க்கும் வேலை. அந்த அழுகை தளத்தைத் தாண்டிக் கீழே கேட்டது. எப்போது இறந்தார், எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை என்று அக்கா கேட்டுக் கேட்டு அழுதார். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டார். மறுநாள் மதியம் மறுபடி புடவை, நாற்காலி, கிளம்புங்க. மறுபடி இவர் உள்ளதைச் சொன்னார். மறுபடி முதல்முறை கேட்பது போலவே அழுகை. சுவரில் மாட்டியிருந்த மாலை போட்ட படத்தைக் காட்டினார். இறந்த சான்றிதழை எடுத்துக் காட்டினார். சாட்சி இருந்தால் எதையும் ஏற்கத்தானே வேண்டும் என்பது அவர் வாழ்க்கை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "இன்னிக்கும் சொல்லிட்டு வந்தேன் தம்பி," என்றார். "அவர் ஒரு தடவைதான் செத்தாரு. நான் தினமும் சாகடிக்கறேன்."

அக்காவைப் பார்த்த டாக்டர், மறுத்துப் பேசாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். மறுக்காமல் என்ன பேசுவது என்று அவர் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அழுகை நின்றது. நானே மேலே போய்ப் பார்த்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இவர் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். முகம், ஏதோ திருட்டில் மாட்டிக்கொண்டவர் முகம்.

"வாய்ல வந்துடுச்சு தம்பி. அவ ஆரம்பிக்கறதுக்குள்ள, வண்டி லேட்டாம்னுட்டேன்."

"நல்லதுதானே சார்."

"எங்க நல்லது? அடங்கிட்டா. ஆனா உடனே, எவ்ளோ லேட்டுங்கறா. ஒரு மணி நேரம்னேன். இப்ப எங்க வந்துக்கிட்டிருக்குங்கறா. செங்கல்பட்டுன்னேன். ஏன் நின்னுச்சுங்கறா. சிக்னல்னேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னையே குறுக்கு விசாரணை பண்றா தம்பி. எல்லாத்துக்கும் பதில் வருது எனக்கு. டக்கு டக்குனு வருது."

உண்மை சொல்கிறவன் திணறுவான், பொய் சொல்கிறவனிடம்தான் விவரம் தயாராக இருக்கும் என்று அவரே பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைத் தன் வாயிலேயே கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் தாமதம் என்று சொல்லி எவ்வளவு நேரம் நிறுத்த முடியும்? அக்கா கதவைத் திறந்துகொண்டு தானாகக் கிளம்ப ஆரம்பித்தார். ஒருமுறை ரங்கநாதன் தெருக் கூட்டத்திலிருந்து பூக்காரி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அதன் பிறகு இவரே கூட்டிப் போனார். தினமும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாம்பலம் நிலையத்தின் மேம்பாலப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, இறங்கி, மின்சார ரயிலில் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு தாண்டி எழும்பூர். இருவருக்கும் முழங்கால் வலி. வெயில் காலத்தில் நடைமேடை இரும்புத் தூணைத் தொட்டால் கை பொசுங்கும்.

வேலை குறைவாக இருந்த நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் தகரத் தடுப்பு, சிமென்ட் தூசி, நேற்றுப் போன வழி இன்று அடைபட்டிருக்கும். சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். எல்லோரும் எரிச்சலோடு நடந்தார்கள். இவர் மட்டும் முதலில் டிக்கெட் ஜன்னலுக்குப் போய் நடைமேடைச் சீட்டு வாங்குவார். எனக்கும் சேர்த்து.

"உங்களை யார் சார் கேக்கப் போறாங்க?" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவேன்? மாமனாரைக் கூட்டிப் போக வந்தேன்னா?"

சீட்டில் இருக்கும் நேரம் முடிந்தும் வண்டி வராவிட்டால், அக்காவை என்னிடம் விட்டுவிட்டுப் போய் இன்னொரு சீட்டு வாங்கி வருவார். வண்டி நிஜமாகவே தாமதம் என்று ஒலிபெருக்கி அறிவித்த ஒரு நாள் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "கேட்டுக்கோ," என்றார் அக்காவிடம். "இன்னிக்கு நான் சொல்லல. அவங்களே சொல்றாங்க."

அங்கே ஒரு போர்ட்டருக்கு இவரோடு பல வருடப் பழக்கம். சிவப்புச் சட்டை வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டவர். முதல் சில நாட்களிலேயே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"இன்னா சார், மாமனாரு இன்னிக்கும் டிமிக்கி குட்த்துட்டாரா?" என்று சிரித்தார். பிறகு அக்காவிடம் குனிந்து, "அம்மா, நீ குந்து. வண்டி வரச்சொல்ல நானே வந்து இட்டுக்கினு போறேன். உங்கப்பா மூட்டய நான்தான் தூக்குவேன், வேற எவன் கைலயும் குட்த்துடாத."

"மூட்டைல அரிசி இருக்கும். கனம்," என்றார் அக்கா.

"எவ்ளோ கனம் இருந்தா இன்னா? உங்கப்பாருக்கு இல்லாத போர்ட்டரா!"

போர்ட்டர் நகர்ந்ததும் இவர் பின்னாலேயே போனார். "நீ சொல்லாதப்பா," என்றார் மெதுவாக. "அவகிட்ட சொல்றதெல்லாம் நான் ஒருத்தனே சொல்லிக்கறேன். ரெண்டு பேர் சொன்னா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. மாட்டிக்குவோம்."

"அடப்போ சார், பாவம் அது."

"பாவம்தான். அதனாலதான் சொல்றேன்."

வண்டி வரும். கதவுகள் திறக்கும். அக்கா எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொரு வயதான முகத்தையும் பார்ப்பார். கூட்டம் குறையக் குறைய இவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ஆளும் போனதும், "வரலியே. கடையில ஆள் வரலியாம், நாளைக்குத்தான் கிளம்பறாராம்," என்பார். அக்காவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அழுகை இல்லை. "உங்களை நம்பி வந்தா இப்படித்தான்," என்று கணவரைக் கடிந்துகொள்வார். "அப்பா வரட்டும், சொல்றேன்." சொல்லேன் சொல்லேன் என்று இவர் தலையாட்டிக்கொண்டே படியேறுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். ஒரு ஞாயிறு வாசலிலேயே வாக்குவாதம் நடந்தது. அவள் ஓ.எம்.ஆர். சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் உள்ள வீடு, பகலில் பார்த்துக்கொள்ள ஆள், எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு இவர்களைக் கூட்டிப்போக மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வெயில்ல தினமும் இழுத்துக்கிட்டுப் போறீங்க. விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"பெருங்குடியிலேர்ந்து எழும்பூர் எப்படிப் போறது?"

"போக வேணாம்ப்பா! அதான் சொல்றேன். தாத்தா வர்றார் தாத்தா வர்றார்னு நீங்கதான் தினமும் ஊதி ஊதிப் பெருசாக்கறீங்க. விட்டா தானா மறந்துடுவாங்க." அவள் குரல் உடைந்தது. "நான் நெஜத்தைச் சொன்னப்பகூட ஒரு நாள் நம்பலை நீங்க. அம்மாவுக்காக இவ்ளோ பொய் சொல்றீங்க."

அவர் முழுவதும் கேட்டார். இந்த முறை அவரிடம் கேள்வி எதுவும் இல்லை.

"அவ நம்பறா," என்றார் கடைசியில். "அதான் சொல்றேன்."

மழைக்காலம் முடிந்த பிறகு நான் கூடப் போன ஒரு நாளில் அது நடந்தது. வண்டி வந்து, ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, பெட்டி இழுத்துப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய அக்கா.

"ஏங்க. எங்கப்பா செத்துட்டாரு இல்ல?"

மறுபடி அந்த அழுகை வருமே என்று பயந்தேன்.

"ஆமா," என்றார்.

"எப்ப?"

"நம்ம பொண்ணு பொறக்கறதுக்கு முந்தி."

"நான் போனேனா?"

"போன. நானும் வந்தேன். இங்கேருந்துதான் ஏறினோம். வழியெல்லாம் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்த."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தார். தகரத் தடுப்பு, தூசி, காலியான வண்டி.

"அப்ப யாருக்காக இங்க உக்காந்திருக்கோம்?"

இவர் கையிலிருந்த நடைமேடைச் சீட்டை மடித்தார்.

"சொன்னா அழுவேன்னுதானே?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளா."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் பொய் சொல்றீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்," என்றார் அவர்.

திரும்பும் ரயிலில் நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். உட்கார இடம் கிடைத்திருந்தது இருவருக்கும். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. மகளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, மழையில் வீட்டுக் கூரை ஒழுகியது, பூக்காரியின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது என்று, அக்கா இல்லாமல் போயிருந்த நாட்களில் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா, அப்படியா, அப்புறம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நுங்கம்பாக்கம் வந்ததும் சொன்னார், "நீங்க வாயத் தொறந்து கதை சொல்லி இப்பத்தான் கேக்கறேன்." மாம்பலத்தில் இறங்கி அக்காவே பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ராத்திரி மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு குரல்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

அதோடு இன்னொன்றும் போய்விட்டது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் புடவை மாற்றிக்கொள்ளவில்லை. நாற்காலிக்குப் போகவில்லை. டி.வி.யில் எது ஓடினாலும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா, வண்டி, எழும்பூர் எதையும் கேட்கவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும். பேச்சே குறைந்துவிட்டது. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

மகளுக்கு நிம்மதி. "நான் சொன்னேன் இல்லண்ணே, தானா மறந்துடும்னு," என்றாள். இப்போது பெருங்குடிக்கு வர மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. சரி என்றார். பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் கட்ட நான் மேலே போய் உதவினேன். அவர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கயிற்றை வைத்துக்கொண்டு கட்டாமல் இருந்தார். பக்கத்து அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"நிம்மதியா இருக்காங்க இல்ல சார்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நிம்மதியாத்தான் இருக்கா." கயிற்றைப் பார்த்தார். "என்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல அவளுக்கு."

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், மாடிப்படியில் காலடி கேட்டு நான் கதவைத் திறந்தேன். இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அவரே புடவை கட்டிவிட்டிருக்க வேண்டும், கொசுவம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. தலை வாரி, பொட்டு வைத்திருந்தது. ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டு, படியை மட்டும் பார்த்து இறங்கினார்.

"டாக்டர்கிட்டயா சார்?"

"இல்ல தம்பி. எழும்பூருக்கு."

"அக்கா கேட்டாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கேக்கல," என்றார். "நான்தான் கிளம்பச் சொன்னேன்."

அக்கா நின்றுவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார்.

"எங்க போறோம்?"

அவர் ஒரு படி கீழே இறங்கி, அக்காவின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார்.

"உங்கப்பா வர்றாரு இல்ல, கூட்டியாரணும்," என்றார். "இன்னிக்கு வண்டி சரியான நேரமாம்."

சொல்லிவிட்டு, அக்கா ஏதாவது கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றார்.